மால்வேர்ன் மண்ணும் மோரிஸ் மைனர் மீட்டரும்

ரேடியம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு மேரி கியூரி எல்லாம் ரெண்டாவதுதான். முதலில் ஞாபகம் வருவது எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஸ்டிக்கர் கடை. "இங்கு ரேடியம் ஒட்டித் தரப்படும்"னு சிவப்பு எழுத்தில் போர்டு. லாரிக்குப் பின்னாடி, டிவிஎஸ் 50 மட்கார்டில், ஆட்டோ முதுகில் என்று ராத்திரியில் பளிச்சிடும் எல்லாத்துக்கும் நம்ம ஊரில் ரேடியம்தான் பேர். அந்த ஸ்டிக்கரில் துளிகூட ரேடியம் கிடையாது, வெறும் பிரதிபலிப்புத் தாள். ஆனா அந்தப் பேர் சும்மா வரலை. நிஜமாவே ரேடியத்தைப் பூசி, இருட்டில் எண்களை ஒளிரவைத்த ஒரு காலம் இருந்தது. அந்தக் காலம் போன மாசம் திடீர்னு என் கைக்கே வந்து சேர்ந்த கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வாங்க.

நான் பேஸ்மென்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே எல்லாருக்கும் போல எனக்கும் அவர் அங்கிள்தான். வீடு ஸ்கார்பரோவில், மால்வேர்ன் பகுதியில். (அவர் ரொறன்ரோ என்று எழுதுவார், நான் டொராண்டோ என்பேன். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.) ரெண்டு வருஷம் முன்னாடி எங்கேயோ ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த மோரிஸ் மைனர் 1000 ஒண்ணை வாங்கி, கராஜில் வைத்துத் திருத்திக்கிட்டு இருக்கிறார். எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. டார்ச் பிடிக்கத் தெரியும், அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மோரிஸ் மைனரைப் பார்க்காதவங்களுக்கு: 1948ல் பிரிட்டனில் வந்த வண்டி. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாடி மினி காரையும் வடிவமைத்த அதே ஆள். பதினாறு லட்சம் வண்டிகள் செய்தார்கள். நம்ம அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு நடுவில் இட்லித் தட்டு மாதிரி ஒரே ஒரு வட்ட மீட்டர். வேகமும் பெட்ரோலும் அதுக்குள்ளேயே. சுண்டுவிரல் நுனி அளவு குட்டி பல்புகள்தான் அந்த மீட்டருக்கு வெளிச்சம். ஒவ்வொண்ணும் 2.2 வாட். நம்ம வீட்டு நைட் லாம்ப்கூட இதைவிட வீரியமானது.

"தம்பி, மீட்டர் லைட் மின்மினி மாதிரி மினுங்குது. எல்ஈடி போடுவம்" என்றார் அங்கிள். ஆன்லைனில் வரவழைத்துப் போட்டோம். எரியவே இல்லை. அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலதிலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போ இருக்கும் வண்டிகளுக்கு நேர் எதிர். சாதா பல்புக்கு எந்தப் பக்கம் கரன்ட் வந்தாலும் கவலையில்லை. எல்ஈடி அப்படியில்லை, ஒரு பக்கமாகத்தான் விடும்.

சரின்னு அதை ஒத்திவைத்துவிட்டு, அங்கிள் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். பழைய கார் சாமான் சந்தையில் மொத்தமாக வாங்கினது. அதில் ராணுவப் பச்சை பூசிய, உள்ளங்கை அளவு மீட்டர் ஒண்ணு. எண்களும் முள்ளும் தடிப்பாக, பழுப்பு நிறத்தில், கருகின வெல்லப்பாகு மாதிரி.

"இது முந்தி இருட்டில தானா எரிஞ்சிருக்கும் போல. பெயின்ற் செத்துப்போச்சு. சுரண்டிப்போட்டுப் புதுசா பூசினா வடிவா இருக்கும்" என்று பிளேடை எடுத்தார்.

நான் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக "அங்கிள்!" என்று கத்தினது கிடையாது.

ஏன் கத்தினேன் என்று சொல்லணும்னா கொஞ்சம் பின்னால் போகணும். டாஷ்போர்டு என்ற சொல்லே குதிரைவண்டிக் காலத்தது. குதிரையின் கால் வாரியடிக்கும் சேறு வண்டிக்காரன் மேல் படாமல் தடுக்க முன்னாடி வைத்த பலகை அது. ஆரம்பகாலக் கார்களில் மின்சார விளக்கே கிடையாது. கார்பைடு கல்லில் (மாம்பழம் பழுக்க வைப்பாங்களே, அதே கல்) சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வரும் வாயுவைக் கொளுத்தித்தான் ஹெட்லைட். மீட்டரைப் பார்க்க ஆசைப்பட்டால் தீக்குச்சிதான் கிழிக்கணும். 1912ல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரையும் விளக்கையும் சேர்த்தே கொடுத்த பிறகு, டாஷ்போர்டுக்கும் ஒரு பல்பு வர வழி பிறந்தது.

ஆனா பல்புக்கு ரெண்டு குறை. ஒண்ணு, கரன்ட் வேணும். ரெண்டு, வெளிச்சம் வெளியே தெரியும். யுத்தத்தில் ராத்திரி போகும் ஜீப்புக்கும், விமானிக்கும், அகழிக்குள் மணி பார்க்கும் சிப்பாய்க்கும் இந்த ரெண்டுமே ஆபத்து. இங்கேதான் ரேடியம் வருகிறது. கியூரி தம்பதி அதைக் கண்டுபிடித்தது 1898ல். துத்தநாக சல்பைடு தூளில் கடுகளவுகூட இல்லாத ரேடியத்தைக் கலந்தால், அந்தத் தூள் ராப்பகலாகப் பச்சையாக ஒளிவிடும். ஸ்விட்ச் வேண்டாம், ஒயர் வேண்டாம். எண்ணெய் ஊத்தாமல் எரியும் விளக்கு!

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்தில் இதுக்கென்றே ஒரு ஃபேக்டரி. கடிகார முகத்தில் எண்களை வரைந்தது பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள். பிரஷ் நுனி கூராக இருக்கணும் என்று உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள். உடம்புக்கு ரேடியமும் கால்சியமும் ஒண்ணு மாதிரி, அதனால் நேராக எலும்புக்குப் போய் உட்கார்ந்துவிடும். பல் விழுந்து, தாடை எலும்பு அரித்து ஒவ்வொருத்தராகச் செத்தார்கள். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணும் இன்னும் நாலு பேரும் 1927ல் வழக்குப் போட்டார்கள், 1928ல் சமரசமாக முடிந்தது. அந்தப் பெயின்ட்டைக் கண்டுபிடித்த சபின் வான் சோசோக்கியும் அதே வருஷம் அதே ரேடியத்தால்தான் செத்தார்.

இதோடு ரேடியம் பெயின்ட்டை நிறுத்தியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். உதட்டில் பிரஷ் வைப்பதுதான் நின்றது. ரெண்டாம் உலகப்போரில் விமானம், கப்பல், ஜீப் என்று லட்சக்கணக்கான மீட்டர்களில் பூசினார்கள். 1960கள் வரைக்கும் ஓடியது. போர் முடிந்ததும் அந்த மீட்டர்கள் உபரிச் சாமானாகக் கடைக்கு வந்தன. கார் பைத்தியங்கள் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டார்கள்.

இதில் பெரிய ஏமாற்று ஒண்ணு இருக்கிறது. ஒளிவிடுவது ரேடியம் இல்லை, பக்கத்தில் இருக்கும் துத்தநாக சல்பைடு. ரேடியத்தின் கதிர் அடித்து அடித்து அது சில வருஷங்களிலேயே களைத்துப்போகும். வெளிச்சம் செத்துவிடும். ஆனா ரேடியத்தின் அரைவாழ்வு 1600 வருஷம்! அதாவது, ராஜராஜ சோழன் காலத்தில் ஒருத்தர் பூசியிருந்தால்கூட இன்னும் பாதிக்கும் மேல் மிச்சம் இருக்கும். அங்கிள் "செத்துப்போச்சு" என்று சொன்ன பெயின்ட் அன்றைக்குப் பூசினது போலவே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியலை. கண்ணாடி மூடி சேதமில்லாமல் இருக்கும்வரை பெரிய பயம் இல்லை. சுரண்டினால் தூள் பறக்கும், மூச்சோடு உள்ளே போகும், கராஜ் தரையில் தங்கும். அங்கிளின் பேரப்பிள்ளைகள் அதே தரையில்தான் தவழுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கார் ஞானத்தில் இல்லை. மாஸ்டர்ஸ் படிப்பில் மண் மாசு பற்றின பேப்பர் ஒண்ணு. அதுக்காக ஒன்டாரியோவில் கதிரியக்கம் கலந்த மண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, திடீர்னு நான் தினமும் பஸ் ஏறும் பகுதியின் பேர் வந்தது. மால்வேர்ன்.

கதை வட துருவத்துக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. 1930ல் கில்பர்ட் லபைன் என்பவர் கிரேட் பேர் ஏரிக்கரையில் பிட்ச்பிளெண்ட் தாதுவைக் கண்டுபிடித்தார். யுரேனியம், ரேடியம் ரெண்டும் அதில் இருக்கிறது. அப்போ உலக ரேடியம் சந்தை பெல்ஜியத்தின் கையில், சரக்கு காங்கோவிலிருந்து. ஒரு கிராம் சுமார் 70,000 டாலர். லபைனின் எல்டொராடோ கம்பெனி, டொராண்டோவுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டரில் இருக்கும் போர்ட் ஹோப்பில் சுத்திகரிப்பு ஆலை வைத்தது. போட்டி வந்ததும் விலை 25,000 பக்கம் இறங்கியது. ரேடியத்துக்கு அன்றைக்கு இருந்த பெரிய தேவைகள் ரெண்டே ரெண்டு. புற்றுநோய் சிகிச்சை, இல்லேன்னா இருட்டில் ஒளிரும் எண்கள்.

தாது மூட்டைகளை முதுகில் சுமந்து படகு மாற்றினவர்கள் அந்த மண்ணின் டெனே மக்கள். மூட்டைக்குள் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லலை. பின்னாடி அதே சுரங்கத்து யுரேனியம் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போனது. 1998ல் டெனே மக்களின் குழு ஒண்ணு ஹிரோஷிமாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டது. சுமை தூக்கினவன் போய் மன்னிப்புக் கேட்கிறான், விற்றவன் கேட்கலை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் லாப்டாப்பை மூடிவைத்தேன்.

போர்ட் ஹோப்பில் என்ன ஆச்சு? ரேடியம் எடுத்த பிறகு மிஞ்சின கழிவை ஊர் முழுக்கப் பள்ளம் நிரப்பவும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். 1975ல் ரேடான் வாயு அதிகமாக இருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூடத்தையே காலி செய்தார்கள். 2012ல் கனடா அரசு அந்த ஊரையும் பக்கத்து ஊரையும் துடைக்க 128 கோடி டாலர் ஒதுக்கியது. கிங்ஸ்டன் பக்கம் 401 நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு தமிழரும் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம். காபி குடிக்க இறங்குவோம், அவ்வளவுதான்.

இனி மால்வேர்ன். 1940களில் இங்கே வீடுகள் கிடையாது, வயல்தான். அதில் ஒரு பண்ணையில் ரேடியத்தை மீட்டெடுக்கும் பரிசோதனை வேலை நடந்தது. மிச்சம் மண்ணில் போனது. அந்தக் கலப்படம் மாகாண சுகாதாரத் துறைக்கு 1945லேயே தெரியும். பிறகு அந்த நிலங்களை அரசே கையகப்படுத்தி, நடுத்தர வர்க்கம் வாங்கக்கூடிய விலையில் வீடு கட்டும் திட்டம் போட்டது. 1970களில் வீடுகள் எழுந்தன. 1980ல் மெக்ளூர் கிரசென்ட் என்ற தெருவில், வீட்டுத் தோட்டங்களின் மண்ணில் ரேடியம் இருப்பது வெளியே வந்தது. தக்காளி போட்டிருந்த மண், குழந்தைகள் விளையாடின மண்.

அதுக்கப்புறம் நடந்தது நம்ம ஊர் கதை மாதிரியே இருக்கும். மண்ணை எங்கே கொட்டுவது? எந்த ஊரைச் சொன்னாலும் அந்த ஊர்க்காரர்கள் எதிர்ப்பு. வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் 1987ல் மாகாண அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார்கள். 1990ல் பக்கத்தில் மெக்லெவின் அவென்யூவிலும் கண்டுபிடித்தார்கள். கடைசியில் 1995ல்தான் தோண்டினார்கள். ரேடியம் அதிகம் இருந்த கொஞ்ச மண் சாக் ரிவர் அணு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. லேசாகக் கலந்த மண்ணை ஸ்கார்பரோவிலேயே பாஸ்மோர் அவென்யூவில் புல் மூடின மேடாக வைத்தார்கள். 1980லிருந்து 1995 வரை, பதினஞ்சு வருஷம்.

அந்தப் பதினஞ்சு வருஷத்தை இன்னொரு கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து தமிழர்கள் ஸ்கார்பரோவுக்கு வந்து குடியேறின வருஷங்களும் இதே வருஷங்கள்தான். அங்கிளும் இந்த வீட்டை 1997ல் வாங்கினார். அந்தத் தெருக்கள் இங்கிருந்து நடை தூரம். பிளேடைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டவர், கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கட கறிவேப்பிலைச் செடிக்கு ஒண்டும் இல்லையே?"

இல்லை அங்கிள், அது தொட்டியில் இருக்கிறது, மண்ணும் கடையில் வாங்கினது. சுத்தம் பண்ணின தெருக்களைச் சோதித்துத்தான் விட்டிருக்கிறார்கள். பயமுறுத்த இதை எழுதலை. சாலையோரம் ஒரு பலகைகூட இல்லாமல் ஒரு கதை நம்ம காலடியில் கிடக்கிறதே என்ற ஆச்சரியம்தான். அந்த மீட்டரைத் திறக்காமல் ஜிப் பைக்குள் போட்டு, உயரத்தில் வைத்து, கனடிய அணுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எப்படி ஒப்படைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறோம். உங்க தாத்தாவின் பழைய அலாரம் கடிகாரத்தில் எண்கள் பழுப்பாக, தடிப்பாக இருந்தால் நீங்களும் சுரண்டாதீங்க. அவ்வளவுதான் அறிவுரை.

இனி மைனர் வெளிச்சத்துக்கு வருவோம். சாதா கார்களில் ஜெயித்தது கடைசியில் குட்டி பல்புதான். நடுவில் வேடிக்கையான முயற்சிகளும் உண்டு. 1960 கிரைஸ்லரில் பல்பே இல்லாமல், மீட்டர் முகமே நீலப்பச்சையாக ஒளிரும் ஏற்பாடு வந்தது. அதுக்கு 200 வோல்ட் மாறுமின்னோட்டம் வேணும் என்று தனியாக ஒரு பெட்டி. பார்க்க விண்கலம் மாதிரி இருக்குமாம். கொஞ்ச வருஷத்தில் மங்கிப்போனது. ஜெர்மன்காரர்கள் கண்ணின் இரவுப் பார்வையைக் கெடுக்காத செம்மஞ்சள் பக்கம் போனார்கள். 1993ல் ஷூஜி நகாமுரா நல்ல நீல எல்ஈடியைச் செய்த பிறகு (அதுக்கு 2014ல் மூணு பேருக்கு நோபல்) டாஷ்போர்டில் நீலமும் வெள்ளையுமாகக் கல்யாண மண்டபம்தான்.

அதிக வெளிச்சமும் ஒரு தொல்லை என்பதை கனடா வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. 1990 மாடலிலிருந்து இங்கே புதுக் கார்கள் எல்லாம் பகலிலும் முன் விளக்கு எரியணும் என்று சட்டம். பிறகு டாஷ்போர்டும் எப்போதும் ஒளிரும் மாடல்கள் வந்தன. முன்னாடி ஏதோ எரியுது, மீட்டரும் எரியுது, டிரைவர் எல்லா விளக்கும் போட்டாச்சு என்று நினைத்துப் போய்க்கொண்டிருப்பார். பின்னாடி விளக்கே இல்லை. அதனால் 2021 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளுக்குப் புது விதி: பின் விளக்கும் கூடவே எரியணும், இல்லேன்னா இருட்டினால் எல்லா விளக்கும் தானே எரியணும், இல்லேன்னா விளக்குப் போடும்வரை டாஷ்போர்டு இருட்டாகவே இருக்கணும். மூணாவதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நம்ம மோரிஸ் மைனர் அதைத்தானே ஆரம்பத்திலிருந்து செய்கிறது! வெளி விளக்கைப் போடாமல் மீட்டர் லைட் வரவே வராது.

போன ஞாயிற்றுக்கிழமை சரியான முனையோடு வேறு எல்ஈடி வாங்கிப் போட்டோம். எரிந்தது. வெள்ளை வெளேர்னு, பல் டாக்டர் கிளினிக் மாதிரி. அங்கிள் ரெண்டு நிமிஷம் பார்த்தார். "கழட்டு தம்பி" என்றார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் அப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40 டாக்சி ஓட்டினவர். 1990ல் கரன்ட் போச்சு, பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை. தெருவில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவங்க ஏ40 கல் மேல் நின்றது. தங்கை ஏ லெவல் பரீட்சைக்குப் படிக்கணும், ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் போதலை. சைக்கிள் டைனமோ இருந்தது, அதோட பல்பு போயிருந்தது, வாங்கவும் முடியாது. இவர் ஏ40யின் மீட்டர் பல்பைக் கழட்டி டைனமோவில் கொடுத்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுத்துவார். வேகமாகச் சுத்தினால் மஞ்சள் வெளிச்சம், அசந்தால் சிவப்பு. "கை நோகுதெண்டு நிப்பாட்டினா அவ கத்துவா" என்றார்.

பழைய 2.2 வாட் பல்பையே திரும்பப் போட்டோம். மங்கலுக்குக் காரணம் பல்பே இல்லை. பாடியோடு சேரும் இடத்தில் அறுபது வருஷத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஹோல்டரைத் துடைத்து, மீட்டர் கூட்டின் உள்பக்கம் கருத்துப்போயிருந்த வெள்ளைப் பெயின்ட்டைப் புதுசாக அடித்தோம். மொத்தச் செலவு ஆறு டாலர் சொச்சம்.

கராஜ் விளக்கை அணைத்துவிட்டு அங்கிள் ஸ்விட்சைப் போட்டார். மஞ்சளாக, இதமாக, எண்கள் எல்லாம் தெளிவாக வந்தன. கொஞ்ச நேரம் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் போனை எடுத்து ஒரு படம் பிடித்து லண்டனில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினார். அவங்க அங்கே டாக்டர்.

பதில் அஞ்சு நிமிஷத்தில் வந்தது.

"அண்ணா, ஏன் இருட்டுக்க இருக்கிறியள்? ஹைட்ரோ பில் கட்டேல்லையோ?"